ட்ரெட்மில்லில் அரை மணி நேரம், ரோட்டில் ஐந்தே நிமிடம்: ஏன்?

கேள்வி: நான்கு மாதமாக ட்ரெட்மில்லில் ஓடுகிறேன். வாரத்துக்கு நான்கு நாள். இப்போது மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓட முடிகிறது. போன ஞாயிறு முதல்முறையாக வெளியே ரோட்டில் ஓடிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். நடந்தும் ஓடியும் எப்படியோ 20 நிமிடம் ஒப்பேற்றினேன். அடுத்த இரண்டு நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை. நான்கு மாத உழைப்பு வீண்தானா? 1 சதவீதம் சாய்வு வைத்து ஓடியிருக்க வேண்டும் என்கிறார் நண்பர். ஷூ மாற்றணுமா? வாட்ச் வாங்கணுமா? எப்படி மாறுவது?

பதில்: வீணில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டத்தில்தான் நிறைய பேர் "நமக்கு இது சரிப்பட்டு வராது" என்று முடிவுகட்டி ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். 30 நிமிடம் நிற்காமல் ஓடும் இதயமும் நுரையீரலும் வாசலைத் தாண்டியதும் பலவீனமாகிவிடாது. அன்றைக்கு உங்களைக் கவிழ்த்தது வேறொன்று. வேகத்தைப் பிடித்துவைக்கும் வேலையை இதுவரை மெஷின் பார்த்துக்கொண்டது. ரோட்டில் அது உங்கள் தலையில் விழுந்தது, அந்த வேலை உங்களுக்குப் பழக்கமில்லை.

நண்பர் சொன்ன 1 சதவீதத்தை முதலில் முடித்துவிடலாம். "பெல்ட்தான் காலைப் பின்னால் தள்ளுகிறது, நாம் சும்மா குதித்துக்கொண்டிருக்கிறோம்" என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. ஒரே சீராகப் போகும் ரயிலுக்குள் நடந்து பாருங்கள், தரையில் நடப்பதற்கும் அதற்கும் காலுக்கு வித்தியாசம் தெரியாது. பெல்ட்டும் அப்படித்தான், ஒரே வேகத்தில் நகர்கிற தரை. அதன்மேல் ஓட, வெளியே ஓடுகிற அளவு உழைப்பு வேண்டும். பெரிதாகக் குறைவது ஒன்றுதான்: காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் உழைப்பு. அதை ஈடுகட்டத்தான் சாய்வு. 1996-ல் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜோனதன் டவுஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1 சதவீதச் சாய்வு வெளி ஓட்டத்துக்கு மிக நெருக்கமாக வருகிறது என்று கண்டார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை, மணிக்கு சுமார் 10.5 கி.மீ. முதல் 18 கி.மீ. வரையான வேகங்களில். உங்கள் 9 கி.மீ. வேகத்தில் காற்றின் எதிர்ப்பு மிகச் சொற்பம். சாய்வு வைத்தாலும் கெடுதல் இல்லை, வைக்காததால் நீங்கள் எதையும் இழக்கவில்லை.

அப்படியென்றால் ஐந்து நிமிடத்தில் ஏன் மூச்சு முட்டியது? நீங்கள் 9-ல் ஓடவில்லை. அன்று நான் பக்கத்தில் இல்லை, இருந்தாலும் இதை நம்பிச் சொல்கிறேன். அநேகமாக 11, 12-ல் ஓடியிருப்பீர்கள். மெஷினில் ஓடும்போது எதிரே சுவர் அசையாமல் நிற்கிறது, பெல்ட் சத்தம் காதில் அடிக்கிறது, 9 என்பதே வேகமாகத் தோன்றும். வெளியே அதே 9 மந்தமாகத் தெரியும். ஒருவரை முதலில் தரையில் ஓடவிட்டு, அப்புறம் அதே வேகத்தை மெஷினில் கண்டுபிடிக்கச் சொன்னால், நன்றாகவே குறைந்த வேகத்தில்தான் நிறுத்துகிறார்கள் என்று சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது. நீங்கள் செய்தது அதன் மறுபக்கம். மெஷினில் பழகிய அந்த உணர்வைத் தேடித்தேடி ரோட்டில் வேகம் கூட்டிக்கொண்டே போயிருப்பீர்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கு 9 கி.மீ. என்றால் 100 மீட்டருக்கு 40 நொடி. 400 மீட்டர் டிராக் கிடைத்தால் நல்லது, உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 40 நொடி. இல்லையென்றால் சமதளமான ஒரு ரோட்டில் 100 மீட்டரை அளந்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், "இதுதான் என் 9" என்று தோன்றும் வேகத்தில் ஓடி முடித்து நேரத்தைப் பாருங்கள். நான் பயிற்சி கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் முதல் தடவை 31, 32 நொடியில் வந்து நிற்பார்கள். அது மணிக்கு 11 கி.மீ.க்கும் மேல். இரண்டு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி ஓடச் சொல்வேன், 35 வரும். மறுபடி, 38. ஐந்தாவது தடவைக்குள் யாராவது 45-ஐத் தொட்டுவிட்டு, "இவ்வளவு மெதுவாகவா?" என்று கேட்பார்கள். ஆமாம், அவ்வளவு மெதுவாகத்தான். முதல் ஒரு மாதம் உங்களுக்கு நான் சொல்லும் வேகம் 100 மீட்டருக்கு 45-லிருந்து 48 நொடி, அதாவது மணிக்கு 7.5 முதல் 8 கி.மீ.

நொடியை எண்ணிக்கொண்டே ஓட முடியாது என்பதும் உண்மை. அதற்கு வாய் இருக்கிறது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் சொல்லுங்கள். நடுவில் மூச்சுக்கு நிற்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் வேகத்தைக் குறைக்க ஒரு பட்டனை அழுத்த வேண்டும், ஏதோ தோற்ற மாதிரி இருக்கும். வெளியே பட்டனும் கிடையாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. தாராளமாகக் குறையுங்கள்.

மெஷின் காட்டிய 9-ஐயும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது, எல்லா மெஷினும் சரியாகக் காட்டுவதில்லை. பெல்ட்டின் மொத்தச் சுற்றளவை அளந்து, ஓரத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அந்த டேப் 20 முறை சுற்றிவர எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கட்டும். பெல்ட் 3 மீட்டர் என்றால், 9 கி.மீ. வேகத்தில் 20 சுற்றுக்கு 24 நொடி ஆக வேண்டும். 27 ஆனால், நீங்கள் இதுவரை ஓடியது 8. இன்னொன்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழக்கம் இருந்ததா? அதில் உடம்பின் பாரம் கொஞ்சம் கைக்குப் போய்விடும், எண் சரியாக இருந்தாலும் உழைப்பு குறைந்துபோகும்.

இனி கால். மூச்சைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம். பெல்ட்டில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் நகல். ரோட்டில் அப்படி இல்லை. மேடு, பள்ளம், திருப்பம், நடைபாதையின் விளிம்பு, இறக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் கணுக்காலும் கெண்டைக்காலும் வேறு வேறு விதமாக வேலை செய்ய வேண்டும். அதிலும் இறக்கம் மோசம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசைக்கு இந்த மாதிரி வேலை கொடுத்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். உங்களுக்கு வந்தது இந்த வகை வலிதான் என்று தோன்றுகிறது, வேகமாக ஓடியதும் சேர்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. நல்ல செய்தி, தசை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இதே ஓட்டத்தை இரண்டு வாரத்துக்குள் மறுபடி ஓடினால் வலி நன்றாகவே குறைந்திருக்கும். ஆனால் தசைநாணும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அவற்றுக்கு மாதக்கணக்கு. உங்கள் நுரையீரல் காலைவிட முன்னே போய்விட்டது, கால் வந்து சேரும்வரை நுரையீரல் காத்திருக்க வேண்டும்.

அதனால் நான்கு நாளையும் ஒரேயடியாக வெளியே மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு நாள் வெளியே, மீதி மூன்று நாள் மெஷின். வெளியே போகும் நாள் மெஷின் நாளுக்குப் பதில்தான், கூடுதல் நாள் அல்ல. அன்று 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, இப்படி ஆறு முறை. மூன்றாவது, நான்காவது வாரம் இரண்டு நாள் வெளியே, 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஐந்து முறை. வெளியே ஓடும் இரண்டு நாளும் அடுத்தடுத்து வர வேண்டாம். ஐந்தாவது, ஆறாவது வாரம் மூன்று நாள், 10 நிமிடத்துக்கு ஒரு நிமிட நடை. அதற்கப்புறம் 30 நிமிடம் நிற்காமல் ஓடிப் பாருங்கள். நடுவில் ஒரு வாரம் கால் கனமாக இருந்தால் அந்த வாரத்தையே திரும்பச் செய்யலாம், அவசரம் ஒன்றுமில்லை.

நடப்பதை அவமானமாக நினைக்க வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே, ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடக்கும் முறையைத்தான் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார். அதில் முக்கியமான சூட்சுமம், களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே நடப்பது. 3 நிமிடம் ஆனதும் "இன்னும் ஓடலாமே" என்று இருக்கும். அப்போதுதான் நடக்க வேண்டும்.

பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினில் முடியவில்லை என்றால் இறங்கிவிடலாம். வெளியே 3 கி.மீ. போய்விட்டால் 3 கி.மீ. திரும்பி வந்தாக வேண்டும். அதனால் ஆரம்பத்தில் வீட்டைச் சுற்றி ஒரு கி.மீ. அளவில் சின்ன வட்டமாகத் தேர்ந்தெடுங்கள். எந்த நேரத்தில் நிறுத்தினாலும் வீடு பக்கம். மழைநீர் வடிவதற்காக ரோடு ஓரத்தைச் சரிவாகப் போட்டிருப்பார்கள், அதில் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் மிதிக்கும். முழங்காலின் வெளிப்புறமோ இடுப்போ வலிக்க ஆரம்பித்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். தார், கான்கிரீட் என்று தரையைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம், தரையின் கடினத்துக்கு ஏற்ப உடம்பு காலின் விறைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும். புல்தரை மெத்தென்று இருக்கும், ஆனால் குழி தெரியாது, கணுக்கால் பழகாதவருக்கு அதுதான் ஆபத்து. கண் பாதத்தைப் பார்க்க வேண்டாம், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளித் தரையைப் பார்க்கட்டும்.

நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள், முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியை உங்களால் பார்க்க முடியாது. ஒரு காதையாவது திறந்து வையுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல், மெல்ல நடந்து விலகுங்கள்.

காற்று சொற்பம் என்றேன், அது காற்று வீசாத நாளுக்கு. மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்றில் நீங்கள் 9-ல் ஓடினால், உடம்பின்மேல் மோதுவது 24 கி.மீ. காற்று. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் அது ஏழு மடங்கு ஆகிவிடும். அன்றைக்கு நொடிக் கணக்கை மறந்துவிட்டு மூச்சை மட்டும் கேளுங்கள். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து உங்கள் வேகத்திலேயே வீசினால், உடம்பின்மேல் காற்றே படாது, வியர்வை காயாது, சீக்கிரம் சூடேறிவிடும். வெயிலுக்கும் அதே பொறுமை வேண்டும். குளிர்ந்த அறையில் பழகிய உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஓடும்போது தலை சுற்றினாலோ, வெயிலில் திடீரென்று குளிரெடுத்து மயிர்க்கூச்செறிந்தாலோ உடனே நின்று நிழலுக்குப் போங்கள். நெஞ்சு வலித்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கால்வலியில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தசை முழுக்கப் பரவி, இரண்டு பக்கமும் இருந்து, மூன்று நாளில் குறையும் வலியைப் பற்றிப் பயம் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுரீரென்று வலித்தால், நொண்டி ஓட வேண்டியிருந்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். "ஓடினால் சரியாகிவிடும்" என்று எலும்பு வலியோடு ஓடியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஷூ: இப்போது இருப்பது காலுக்கு இதமாக இருந்தால் அதையே போட்டுக்கொண்டு போங்கள். ஓடும் ஷூ 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும் என்பது பொதுக்கணக்கு. மெஷினில் ஓடியதும் இதில் சேரும், உங்கள் நான்கு மாதம் அதிகபட்சம் 300 கி.மீ.தான் வரும். வாட்ச் இப்போதைக்கு வேண்டாம். ஜிபிஎஸ் அந்த நொடியின் வேகத்தைக் காட்டும்போது மரத்தடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் மேலும் கீழும் குதிக்கும், அதைத் துரத்தி ஓடினால் மறுபடி பழைய கதைதான். போனில் ஒரு கி.மீ.க்கான சராசரி தெரிந்தால் போதும்.

மெஷினை விட்டுவிட வேண்டாம். மழைக்கும் கடும் வெயிலுக்கும் அது வேண்டும், வேகம் பழகவும் உதவும். நான்காவது வாரத்தில் ஒரு நாள், மெஷினில் ஏறியதும் திரையின்மேல் ஒரு துண்டைப் போட்டு எண்களை மறையுங்கள், பட்டன்கள் கைக்கு எட்டட்டும். ரோட்டில் பழகிய அந்த 45 நொடி வேகம் இதுதான் என்று தோன்றும்வரை பட்டனைத் தட்டுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே ஓடிவிட்டு, துண்டைத் தூக்கிப் பாருங்கள். என்ன எண் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.