முள் ஏறாத வண்டி

கேள்வி: ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்கு வேலைக்குப் போய்வர, போன தை மாதம் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். முதலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தது. ஆனியில் சாரல் தொடங்கியதிலிருந்து 11-ஐத் தாண்டவில்லை. சைலன்சருக்குள் விரலை விட்டால் கரி, வண்டி நின்றால் பெட்ரோல் வாடை. ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள், பலனில்லை. இப்போது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? மற்றபடி நல்ல வண்டி, எவ்வளவு ஓட்டினாலும் சூடு முள் கால்வாசிக்கு மேல் ஏறாது.

பதில்: இன்ஜெக்டர் இருக்கட்டும். கடைசியில் பெருமையாகச் சொன்னீர்களே, அந்த முள்தான் எனக்கு உறுத்துகிறது. அது பாதிக்கு வர வேண்டும்.

நம் பக்கம் வண்டி கொதித்தால் சிலர் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீரை, ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதுதான். அப்புறம் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றி வந்து ஆறிக்கொண்டே இருக்கும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தருவதுபோல ஈசியூ (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் இன்ஜின் கணினி) கூடுதல் பெட்ரோலைத் தந்துகொண்டே இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் எப்படியோ சமாளித்த வண்டி, செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடித்ததும் மாட்டிக்கொண்டது.

காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது.

ஈசியூ காட்டும் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 20 நிமிடம் ஓட்டிய பிறகு கூலன்ட் 80 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். குழாய் கொதிக்கும்போதும் ஸ்கேனர் குளிர் என்றால், கோளாறு டெம்பரேச்சர் சென்சாரிலோ அதன் ஒயரிலோ. வெப்பம் சரியாக இருந்து, ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) மைனஸ் 10-க்கும் கீழே போனால் மட்டும் இன்ஜெக்டர் ஒழுகலைப் பற்றிப் பேசலாம்.

ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கோளாறைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

சோதிக்காமல் சென்சார் மாற்றிய பணத்தை, ஸ்கேனர் படத்தோடு போய்க் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வால்வு இல்லையென்று தெரிந்தால், புதியது போட்டதும் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். கழற்றியவர் ஏதோ கொதித்ததால்தானே கழற்றியிருப்பார்? ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) மூன்றையும் முதலில் பாருங்கள்.