அம்பாசடர் சைலன்சரை அறுத்தா ஸ்போர்ட்ஸ் கார் ஆகிடுமா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல இன்ஜின் சத்தத்தைப் பத்தியே இருக்கு. கல்யாண சீசனுக்கு ஊருக்கு வந்தவங்க காரையெல்லாம் பார்த்துட்டு எழுதினீங்களோ என்னவோ. மைலேஜ் கேள்வி, டயர் கேள்வியெல்லாம் அடுத்த மாசம் பார்ப்போம், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: எங்க ஊர் கல்யாணத்துக்கு ஒருத்தர் பழைய போர்ஷே 911 கொண்டு வந்திருந்தார். ஸ்டார்ட் பண்ணதும் கண்டாங்கி தறி ஓடுற மாதிரி கடகடன்னு சத்தம், கொஞ்சம் மிதிச்சதும் அதே வண்டி வேற குரல்ல கத்துச்சு. என் காரும் பெட்ரோல் தானே, அதுல ஏன் அந்தக் குரல் வரலை?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அண்ணே, தறின்னு சொன்னீங்க பாருங்க, அங்கேயே பாதி பதில் வந்துருச்சு. 1964-ல விற்பனைக்கு வந்ததுல இருந்து 1998 வரைக்கும் 911 இன்ஜினுக்கு ரேடியேட்டரே கிடையாது, காத்துலயே குளிரும். நம்ம கார்ல சிலிண்டரைச் சுத்தி தண்ணி நிக்குது, அது ஒரு போர்வை மாதிரி உள்ள நடக்குற டேப்பட் (வால்வைத் திறக்குற பாகம்) சத்தம், செயின் சத்தம் எல்லாத்தையும் அமுக்கிடும். 911-ல அந்தப் போர்வை இல்லை, வெறும் அலுமினிய விசிறிமடிப்பு தான், அதுக்கு மேல பெல்ட்ல ஓடுற பெரிய ஃபேன் வேற காத்தை அடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க கேட்ட கடகடா அதெல்லாம் சேர்ந்தது.

மிதிச்சப்ப வந்த குரல் வேற விஷயம். நிறைய பேர் உள்ள பெட்ரோல் வெடிக்கிற சத்தம் தான் பின்னாடி வருதுன்னு நினைக்கிறாங்க, அது முழுசா சரியில்லை. வெடிச்சு முடிஞ்ச புகை இன்னும் பிரஷரோட இருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறக்குது, அடைச்சு வச்ச காத்து டப்புன்னு பைப்புக்குள்ள பாயுது, அந்த டப்பு தான் சத்தத்தோட விதை. ஒரு சிலிண்டர், கிராங்க் (பிஸ்டன் ஏறி இறங்குறதைச் சுத்தலா மாத்துற தண்டு) ரெண்டு சுத்து சுத்துறதுக்குள்ள ஒரு தடவை தான் இந்த டப்பு போடும். இப்ப கணக்கு போடுங்க. 900 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 900 சுத்துல, ஸ்லோல நிக்குற புல்லட்டு, ஒத்த சிலிண்டர், செகண்டுக்கு ஏழெட்டு அடி. அதனால தான் டுப்பு டுப்புன்னு விரல் விட்டு எண்ணலாம் போல இருக்கு. அதே 900-ல நாலு சிலிண்டர் கார் 30 அடி, 911-க்கு ஆறு சிலிண்டர், 45 அடி. செகண்டுக்கு இருபதைத் தாண்டிட்டாலே நம்ம காது தனித்தனி அடியா பிரிக்காது, ஒரு சுருதியா கேக்க ஆரம்பிச்சுடும். பழைய ஃபெராரி வி12 (V எழுத்து மாதிரி ரெண்டு பக்கமா சாஞ்சு நிக்குற 12 சிலிண்டர்) எல்லாம் 6000 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 600 அடி, அது பாட்டு தான்ணே, வேற என்ன சொல்றது.

ஆனா எண்ணிக்கை மட்டும் இல்லை. அடிக்கும் அடிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி தான் ஒரு இன்ஜினோட முகம். இதுக்கு நீங்க காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு போய் நில்லுங்க, கொத்து புரோட்டா போடுற இடத்துல. ரெண்டு கல்லு, ரெண்டு மாஸ்டர். தூரத்துல இருந்து கேட்டா சீரா ஒரே தாளம் மாதிரி இருக்கும், பக்கத்துல போய் ஒரு கல்லை மட்டும் கேட்டா டக்... டடக்... டக்குன்னு நொண்டும். அமெரிக்க வி8 இன்ஜின் அச்சு அசல் இது தான். எட்டு சிலிண்டரும் சேர்ந்து 90 டிகிரிக்கு ஒரு அடின்னு சீரா அடிக்கும், ஆனா ஒரு பக்கத்து நாலு சிலிண்டரை மட்டும் எடுத்தா 180, 90, 180, 270 டிகிரின்னு தாறுமாறா இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி பைப்பு போட்டு பின்னாடி விட்டா அந்த நொண்டல் அப்படியே வெளிய வருது, அது தான் அந்த குடுகுடு உறுமல். 1970-கள்ல வந்த ஃபெராரி 308-ம் வி8 தான், ஆனா அதோட கிராங்க் தட்டையா இருக்கும், ஒவ்வொரு பக்கமும் சீரா 180 டிகிரிக்கு ஒண்ணா அடிக்கும், அதனால உறுமாது, கீச்சுன்னு மேல போகும். சிலிண்டர் எண்ணிக்கை ஒண்ணு, கிராங்க் மட்டும் வேற, குரல் தலைகீழ். 911 இன்ஜின்ல இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணுன்னு படுத்துக்கிட்டு 120 டிகிரிக்கு ஒண்ணா சீரா அடிக்குது, அதான் மிதிச்சதும் நொண்டாம ஒரே இழுப்பா மேல ஏறுது.

இன்னொண்ணு, முன்னாடி இருந்து வர்ற சத்தம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல பாதி சங்கீதம் காத்து உள்ள போற வழியில தான் இருக்கு. ஃபெராரி 250 ஜிடிஓ-ல பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுற கார்புரேட்டர் ஆறு, வெபர் கம்பெனியோடது, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய், ஆக மொத்தம் சிலிண்டருக்கு ஒரு வாய். மேல சின்ன சின்ன புனல் மாதிரி குழாய் நிக்கும். நாதஸ்வரத்துல திமிரி குட்டை, சுருதி ஏறி இருக்கும், பாரி நீளம், சுருதி இறங்கி இருக்கும்ல, இந்தக் குழாயும் அப்படித் தான், அதோட நீளத்துக்கு ஏத்த ஆர்பிஎம்ல அது தானா பாட ஆரம்பிக்கும். இப்ப வர்ற கார்ல ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள்ள இந்த சத்தத்தை அமுக்குறதுக்குன்னே தனி அறை வச்சு தான் கட்டுறாங்க, அப்புறம் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், டர்போ. டர்போ இருக்கே, புகை போற வழியில ஒரு காத்தாடியை நிறுத்துன மாதிரி, டப்பெல்லாம் அதுல சிதறிடும். உங்க கார்ல எங்கண்ணே குரல் வரும்?

கேள்வி: எங்க வீட்டு ரெண்டாம் கட்டுக்குப் பின்னாடி மாமனார் காலத்து பெட்ரோல் அம்பாசடர் நிக்குது, இன்னும் ஓடும். பேரன் அதோட சைலன்சரை அறுத்துட்டு வெறும் பைப்பு மாட்டினா ஸ்போர்ட்ஸ் கார் சத்தம் வரும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். விடலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, விடாதீங்க. நான் பட்டவன் சொல்றேன். இருபது வயசுல எங்க அய்யாவோட அம்பாசடரை ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டு இதே வேலையை செஞ்சேன், சைலன்சர் இருந்த இடத்துல நேர் பைப்பு. வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தி ரேஸ் பண்ணிக் காமிச்சேன். முகப்புல உக்காந்திருந்த அப்பத்தா வெத்தலை இடிக்கிறதை நிறுத்திட்டு "ஏன்டா தம்பி, நெல்லு மில்லையா வாங்கிட்டு வந்துட்ட"ன்னு கேட்டுச்சு. அதை விடக் கொடுமை, அறுபதுல போகும்போது காருக்குள்ள ஹூன்னு ஒரு கூவல், காதடைச்சுப் போய் திருப்பத்தூர் வரைக்கும் யாரும் யார்கிட்டயும் பேச முடியலை. மறு வாரமே பழைய சைலன்சரைத் தேடிப் போய் மாட்டினேன்.

உங்க பேரன்கிட்ட ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க, அவனுக்குப் பிடிக்கும். அந்த 1489 சிசி அம்பாசடர் இன்ஜின் இருக்கே, அது இங்கிலாந்து பிஎம்சி கம்பெனியோட பி சீரிஸ். 1955-ல வந்த எம்ஜி ஏ-ங்கிற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே குடும்பம், அதே 1489 சிசி. பங்காளி தான் ஆச்சி! ஆனா எம்ஜிக்கு ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர், கம்ப்ரஷன் கூட, மேல கூரை கிடையாது, பைப்பு சத்தமும் கார்புரேட்டர் உறிஞ்சுற சத்தமும் நேரா காதுக்கு வரும். அம்பாசடருக்கு ஒத்த கார்புரேட்டர், ஊரையே ஏத்திக்கிட்டு கோயிலுக்குப் போறதுக்குன்னு டியூன் பண்ணது. பானெட்டைத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க, நாலு சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல (இன்ஜின்ல இருந்து புகையைச் சேர்த்து பைப்புக்கு விடுற குழாய்) மூணு வழி தான் இருக்கும், நடுவுல இருக்குற ரெண்டு சிலிண்டரும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்குது. எம்ஜியிலயும் அப்படியே தான். எந்த வாசல்னு அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க, ஒரு மதியம் பூரா அமைதியா இருப்பான்.

வெறும் பைப்பு சத்தத்தைக் கூட்டும், இடைவெளியை மாத்தாது. நாலு சிலிண்டர் நாலு சிலிண்டராவே தான் இருக்கும், கொஞ்சம் சத்தமா. அதோட மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் வண்டி சத்தம் அளவைத் தாண்டினா முதல் தடவைக்கே 10,000 ரூபா வரைக்கும் அபராதம் போடலாம், அந்தக் காசுக்கு ஒரு நல்ல கார்புரேட்டர் சர்வீஸே பண்ணிடலாம்.

கேள்வி: புது கார்ல இன்ஜின் சத்தம் ஸ்பீக்கர்ல வருதாமே, உண்மையா?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: உண்மை. 2011-ல வந்த பிஎம்டபிள்யூ எம்5-லயே செஞ்சாங்க, இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துதோ அதுக்கு ஏத்த சத்தத்தை ஆடியோ சிஸ்டம் காருக்குள்ள போடும். எனக்கு இது கல்யாணத்துல நாதஸ்வரக்காரரை உக்கார வச்சுட்டு பென் டிரைவ்ல மங்கள வாத்தியம் போடுற மாதிரி தான். ஆனா லெக்சஸ் எல்எஃப்ஏ-ன்னு ஒரு வி10 கார், 2010-ல வந்துச்சு, இன்ஜினை யமஹா மோட்டாரோட சேர்ந்து செஞ்சாங்க, பியானோ செய்யுற யமஹாவுல இருந்து பிரிஞ்ச கம்பெனி. இன்ஜின் காத்து உறிஞ்சுற இடத்துல இருந்து குழாய் வச்சு அந்த சத்தத்தை அப்படியே டிரைவர் பக்கம் கொண்டு வந்தாங்க, ஸ்பீக்கரே இல்லாம. அதுக்கு நான் எழுந்து நின்னு கும்பிடுவேன்.

கேள்வி: என் பழைய ஃபியட்ல ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னாடி பட் பட்டுன்னு வெடிக்குது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ரேஸ் கார் மாதிரி இருக்குங்கிறாங்க. சந்தோஷப்படவா, பயப்படவா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: எப்பவும் உண்டா, இல்லை இப்ப புதுசா வந்துச்சா, அதைச் சொல்லலையே. காலை எடுத்ததும் சரியா எரியாத பெட்ரோல் பைப்புக்குள்ள போய் அங்க எரியுறது தான் இந்த பட் பட், பழைய ரேஸ் கார்ல இது சகஜம். ஆனா சாதுவா இருந்த ஃபியட் திடீர்னு வெடிச்சா பெரும்பாலும் எக்ஸாஸ்டுல எங்கயோ ஓட்டை, வெளிக்காத்து உள்ள போய் மிச்ச பெட்ரோலைக் கொளுத்துது. காலையில இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணுங்க, கூட ஒருத்தரை விட்டு கனமான துணியை மடிச்சு பின்னாடி பைப்பு வாயை ரெண்டு செகண்டு அமுக்கச் சொல்லுங்க, நீங்க பானெட்டுக்குப் பக்கத்துல காதைக் கொடுங்க. மேனிஃபோல்டுகிட்ட புஸ்ஸுன்னு சத்தம் வந்தாலோ, ஜாயிண்டுல கரிக்கோடு தெரிஞ்சாலோ கேஸ்கட் போச்சு. அதை மாத்தியும் வெடிச்சா கார்புரேட்டர் மிக்ஸ்சர் ஸ்க்ரூவையும் இக்னிஷன் டைமிங்கையும் பாருங்க. கேஸ்கட்டை மாத்தும்போது நட்டை அவசரப்பட்டு முறுக்கிக் கழட்டாதீங்க, ஸ்டட்டு ஒடிஞ்சுடும், முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வச்சுடுங்க.