சிபிலிஸ் கிட்: 99 சதவீதத்தை நம்பலாமா?

கேள்வி: சிறிய இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உண்டா என்று பார்க்க ஆர்.பி.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துவருகிறோம். கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) நேரடியாகக் காட்டும் விரைவு கிட்டுக்கு மாறலாம் என்கிறார் உரிமையாளர். உறையில் ‘99 சதவீதம் துல்லியம்’ என்று போட்டிருக்கிறது. மாறலாமா?

பதில்: அந்த 99 எதனோடு ஒப்பிட்டுக் கிடைத்தது என்று முதலில் கேளுங்கள். ஆர்.பி.ஆர். கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருளையே பார்க்கிறது. அதனால்தான் லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்), மலேரியா, தொழுநோய் உள்ளவர்களிடமும், சில வேளை கர்ப்பிணிகளிடமும் சிபிலிஸ் இல்லாமலே ரியாக்டிவ் (பாசிட்டிவ்) ஆகிறது. உங்கள் புதிய கிட் தேடுவதோ சிபிலிஸை உண்டாக்கும் டிரிபோனிமா கிருமிக்கான எதிர்ப்பொருளை. பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றுக் குணமானவர்களிலும் பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும். ஆகவே ஆர்.பி.ஆர். முடிவை உண்மையென வைத்துக்கொண்டு கிட்டை மதிப்பிட்டால், கிட் சரியாகச் சொன்னதும் பிழைக் கணக்கில் சேர்ந்துவிடும். டி.பி.எச்.ஏ. போல, அதே கிருமிக்கான எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையோடுதான் ஒப்பிட வேண்டும்.

கிட்டைச் சோதிக்கத் தேர்ந்தெடுக்கும் சீரங்களில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) தெளிவான பாசிட்டிவும் நெகட்டிவும் மட்டும் இருந்தால் எந்தக் கிட்டும் நன்றாகவே தெரியும். புண் தோன்றிய தொடக்க நாள்களில் எடுத்தவை, சிகிச்சை முடிந்தவர்களுடையவை, கர்ப்பிணிகளுடையவை, லூபஸ் நோயாளிகளுடையவை ஆகியவற்றையும் சேருங்கள். கிட்டில் மங்கலாகத் தோன்றும் கோடுகளை இருவர், ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல், படிக்கட்டும்.

துல்லியம் 99 சதவீதமே என்றாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கர்ப்பிணிகளில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், கிட் அந்த 10 பேரையும் பிடித்தாலும், நோயில்லாத 990 பேரில் ஏறக்குறைய 10 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும். கையில் பாசிட்டிவ் சீட்டு வாங்கிய பெண்களில் பாதிப் பேருக்கு நோயே இராது. அந்தச் சீட்டு ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எனவே கிட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஆர்.பி.ஆரைக் கைவிடாதீர்கள். கிட் பாசிட்டிவ் ஆனால் அதே சீரத்தில் ஆர்.பி.ஆர். டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தும் ரியாக்டிவ் ஆகிறது என்ற அளவு) பாருங்கள், சிகிச்சைக்குப் பின் 1:32 என்பது 1:8 ஆகக் குறைந்ததா என்பதை அதுதான் காட்டும். எதிர்ப்பொருள் மிக அதிகமானால் ஆர்.பி.ஆர். பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும் என்பதால், சந்தேகமுள்ள சீரத்தை நீர்க்கச் செய்தும் பாருங்கள். கிருமி நஞ்சுக்கொடி வழியே சிசுவை எட்டுவதால், கர்ப்பிணியின் பாசிட்டிவ் முடிவை, உறுதிப்பாடு நிலுவையில் உள்ளது என்ற குறிப்போடு, அன்றே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.