அட்டையில் வந்த வசனமும் அதன் அக்கம்பக்கமும்: வேத வாசிப்பு கேள்வி பதில்

பெரம்பூரில் ஞாயிறு மாலை வேத (பைபிள்) ஆராய்ச்சிக் கூட்டம் நடத்துகிறேன். அங்கே வந்த கேள்விகளில் சில.

அண்ணா, புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசனமாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷம் வேலை கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? (அயனாவரம்)

அட்டையை ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கு முன்னால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்துவிடுங்கள் தம்பி. அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எரேமியா அனுப்பியது. சீக்கிரமே ஊர் திரும்பலாம் என்று சிலர் அவர்களிடம் ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்கிறார். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று கணக்கும் சொல்லிவிடுகிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊரைத் திரும்பப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதற்கு அடுத்த வரிதான் உங்கள் அட்டையில் இருப்பது. ஆறுதல் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆஃபர் லெட்டருக்கு அதைத் தேதியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வசனத்தில் "உங்கள்பேரில்" என்பது ஒருவருக்கா, பலருக்கா? ஆங்கிலத்தில் தெரியவில்லையே. (வேளச்சேரி)

பலருக்கு. இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் "யூ" ஒன்றுதான். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒருவர் என்றால் நீ அல்லது நீர், நீங்கள் என்றால் கூட்டம். "நீங்கள் தேவனுடைய ஆலயம்" என்று 1 கொரிந்தியர் 3:16 சொல்வது ஒரு சபையைப் பார்த்து. இதை ஜிம்முக்குப் போகச் சொல்லும் வசனமாகவே பலரும் பேசக் கேட்டிருக்கிறேன்!

நாம், நாங்கள் வித்தியாசமும் அப்படித்தான். புயலில் சீஷர்கள் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள் (மாற்கு 4:38). இயேசுவும் அதே படவில்தானே இருக்கிறார்? புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இந்த வித்தியாசமே கிடையாது. "நாங்கள்" மொழிபெயர்த்தவர்கள் எடுத்த முடிவு. "நாம்" என்று போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

எந்த மொழிபெயர்ப்பு நல்லது? (ராயபுரம்)

இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். 1871-இல் வந்த பழையதும், 1995-இன் திருவிவிலியமும். ஆயக்காரர் என்றால் யார் என்று விழிக்கும்போது, வரிதண்டுவோர் என்று பின்னது சொல்லிவிடும்.

தினமும் ஒரு அதிகாரம் போதுமா ஐயா? (ஆவடி)

அதிகார எண்ணை நம்பி நிறுத்தாதீர்கள். அந்தப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551-இல்தான். 1 கொரிந்தியர் 11:1-ஐ வாசியுங்கள், பத்தாம் அதிகாரத்தின் கடைசி வரி அது. ஆவடி ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், மாற்கு முழுவதையும் போகவர இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

கெட்ட குமாரன் கதையில் இன்னும் பார்க்க என்ன இருக்கிறது அங்கிள்? (வில்லிவாக்கம்)

சொத்தைப் பிரித்து வாங்கி அழித்து, பன்றி மேய்த்து, பன்றித் தவிட்டுக்கே ஏங்கிய இளைய மகன் வீடு திரும்ப, தகப்பன் விருந்து வைக்கிற கதைதானே? லூக்கா 15-இன் முதல் இரண்டு வசனங்களைப் பாருங்கள். இயேசு பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று, யூத மதச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயரும் அதைக் கற்பிக்கும் வேதபாரகரும் முறுமுறுக்கிறார்கள். கதை அவர்களுக்குச் சொன்னது. சண்டே ஸ்கூலில் பல வருஷம் இளையவனோடே பாடத்தை முடித்துவிட்டேன், பன்றித் தவிட்டுக்குப் பிள்ளைகள் நன்றாகச் சிரிப்பார்கள். ஆனால் மூத்தவன் தம்பிக்கு வைத்த விருந்தைக் கண்டு கோபித்து வாசலுக்கு வெளியே நிற்கிறான், தகப்பன் வந்து வருந்தி அழைக்கிறார். உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை.

விளக்கவுரைப் புத்தகம் வாங்கட்டுமா? (கொளத்தூர்)

வாங்குங்கள். பகுதியை மூன்று முறை வாசித்து, உங்கள் சந்தேகங்களை நோட்டில் எழுதிய பிறகு திறங்கள்.