மகள் கண்ணெதிரே இருக்கணும், ஆனால் ஓட்டல் வேலை கூடாது

கொடைக்கானலிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ப்ளஸ் டூ போகிறாள். ஹோட்டல் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீங்கள் நர்சிங் அல்லது ஒரு டிகிரியும் பி.எட்.டும் என்கிறீர்கள். கடைசி வரியில், 'என்ன படிச்சாலும் சரி, என் கண்ணெதிரே இருந்தா போதும்' என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது.

கண்ணெதிரேயும் இருக்க வேண்டும், ஓட்டல் பக்கமும் போகக்கூடாது என்றால் உங்கள் ஊரில் மிச்சம் என்ன இருக்கிறது? சில அரசு அலுவலகங்கள், பள்ளிகள், ஆஸ்பத்திரி, சில வங்கிகள், அட்டுவம்பட்டியில் மகளிர் பல்கலைக்கழகம். மேல்மலைப் பக்கம் போனால் பூண்டும் கேரட்டும். மற்றதெல்லாம் ஏதோ ஒரு வழியில் சுற்றுலாக்காரரை நம்பித்தான் நடக்கிறது. நீங்கள் சொல்லும் படிப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் ஆனால் நல்ல சம்பளம் மதுரையிலும் கோவையிலும்தான். பி.எட். முடித்து, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் செய்து, காத்திருந்து அரசு வேலை கிடைத்தாலும் முதல் போஸ்டிங் ராமநாதபுரத்தில் விழலாம். மகள் மலையிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு உண்மையில் கொஞ்சம் பக்கத்தில் வருவது நீங்கள் வேண்டாம் என்கிற படிப்புதான்.

இதைச் சொல்லிவிட்டு உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். பதினாறு வருஷம் காட்டேஜில் அறை சுத்தம் செய்தவர் நீங்கள். மே மாதத்தில் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க அலைந்துவிட்டு, அதே காலையில் பத்து அறையின் குளியலறைகளைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியிருக்கிறீர்கள். ஈர விரிப்பைப் பிழிந்து பிழிந்து விரல் மூட்டு வீங்கியதை எழுதியிருக்கிறீர்கள். அறைக்குள் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் 'அக்கா, உள்ள வந்து பெருக்குங்க' என்று கூப்பிடும்போது வாசலிலேயே நின்றதையும் எழுதியிருக்கிறீர்கள். சுற்றுலா என்றால் உங்களுக்கு இதுதான். மகளுக்கோ ரிசப்ஷனில் கோட் போட்டு இங்கிலீஷ் பேசும் பெண்தான் தெரிகிறாள். இருவரும் ஒரே கட்டடத்தைப் பார்க்கிறீர்கள், நீங்கள் பின்வாசலிலிருந்து, அவள் முன்வாசலிலிருந்து.

நடுவில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூத்தவன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் சீசனில் ராத்திரி இரண்டு மணிக்கு வத்தலகுண்டு இறங்கிப் போகும்போது இப்படி ஒரு கடிதம் எழுதத் தோன்றியதா? மகனுக்கும் மகளுக்கும் ஆபத்து ஒரே மாதிரி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தயக்கத்தில் பாதுகாப்பு எவ்வளவு, 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' எவ்வளவு என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். முதலாவதற்கு வழி உண்டு. இரண்டாவதற்கு என்னிடம் மருந்தில்லை.

பாதுகாப்பைப் பற்றி: 2013-ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு இருந்தே ஆக வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் வேலை பார்த்த நாலு பேர் காட்டேஜுக்கு அந்தக் குழு கிடையாது, ஆனால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் புகார் தர உங்களுக்கும் உரிமை இருந்தது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மகள் எங்கே பயிற்சிக்குப் போனாலும் உள் குழுவில் யார் இருக்கிறார்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வண்டி உண்டா, தங்கும் இடம் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பதில் சொல்லத் தடுமாறுகிற இடம் வேண்டாம்.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய பயம் வேறு. சீசன். உங்கள் வருமானம் ஏப்ரல், மே, அப்புறம் பூஜா லீவு, கிறிஸ்துமஸ் என்று துண்டு துண்டாக வருகிறது. 2020-இல் மார்ச்சில் எல்லாம் மூடியபோது என்ன பாடு பட்டீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரலில் இருந்து சீசனில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று உயர் நீதிமன்றமே எண்ணிக்கை வைத்தது. வியாபாரிகளுக்குக் கோபம் இருக்கலாம். மூஞ்சிக்கல்லில் மணிக்கணக்கில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தவர்களுக்கு அந்த உத்தரவு புரியும். எப்படியானாலும், இந்தத் தொழில் இனி கட்டுப்பாட்டோடுதான் ஓடும். வண்டி எண்ணிக்கையை நம்பி நிற்கும் வேலைக்கு உங்கள் மகளைத் தயார் செய்யக் கூடாது.

ஆகவே படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி: ஜூலை மழையில் அறைகள் காலியாகக் கிடக்கும்போதும் இந்த வேலைக்குச் சம்பளம் வருமா? ரூம் பிடித்துக் கொடுப்பவருக்கு வராது. ஜீப் காரருக்கு வராது. சமையலும் பேக்கரியும் முறையாகக் கற்றவருக்கு வரும், ஏனென்றால் அந்தக் கைவேலை ஆஸ்பத்திரிக்கும் ஐடி கம்பெனி கேன்டீனுக்கும் சொந்தக் கடைக்கும் போகும். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு வரும். ஜிஎஸ்டி தவணை தவறாமல் கட்டியாக வேண்டும், அதற்கு ஆஃப் சீசன் கிடையாது. மகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்றால் பி.காம். படித்துவிட்டு ஓட்டல் துறைக்குள் போவதையும் யோசியுங்கள். அவள் முகம் சுளிப்பாள், பரவாயில்லை.

ஹோட்டல் மேனேஜ்மென்ட்டே என்றால் இடத்தைப் பார்த்துச் சேருங்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில அரசுடையது இருக்கிறது. மூன்று வருட பி.எஸ்சி. படிப்புக்கு தேசியத் தேர்வு முகமை நுழைவுத் தேர்வு நடத்துகிறது. ப்ளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் எழுதலாம், ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். படிப்பின் நடுவில் சில மாதம் ஓட்டலில் பயிற்சி. அப்போது அவளும் விரிப்பு மாற்றுவாள், சொல்லிவிடுகிறேன். கற்பதற்காக மாற்றுவாள். வாழ்நாள் முழுக்க அல்ல.

'ஒரு வருடம் படி, கப்பலில் வேலை, துபாயில் வேலை' என்று நோட்டீஸ் ஒட்டுகிற இடங்களில் முன்பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். அவர் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவுக்கு: மகள் 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேரும் கல்லூரி அதில் வருகிறதா என்று அட்மிஷன் நாளிலேயே கேளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை. நீங்கள் நம்பும் ஓட்டல் ஒன்றில் அவளை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் வேண்டாம், அப்போது எல்லாமே ஜொலிக்கும். ஜூலையில் அனுப்புங்கள். மூடுபனியில் போன் அடிக்காத ரிசப்ஷனையும், பாதி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்ட சமையலறையையும் பார்க்கட்டும். ஒரு ஞாயிறு நீங்களும் கூடப் போய் வரவேற்பறைப் பக்கம் உட்காருங்கள். பதினாறு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அதன் பிறகும் அவளுக்கு ஆசை இருந்தால் டிசம்பர் வாக்கில் நுழைவுத் தேர்வு அறிவிப்பைப் பார்க்க ஆரம்பிக்கலாம்.

மறந்துவிட்டேன். ஆதாரில் இருக்கும் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதும் ஒன்றுதானா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் இதைத் திருத்த இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று அழும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன்.