நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள என் மென்பொருளைத் தொழில்நுட்பம் தெரியாதவர்களும் எளிதாக இறக்கிக்கொள்ள என்ன செய்யலாம்?

புதிதாக வருபவர் கண்ணில் முதலில் படுவது பச்சை நிற ‘கோட்’ பொத்தான். அதில் கிடைக்கும் ஜிப்பில் மூலநிரல்தான் இருக்கும், இன்ஸ்டாலர் இருக்காது. பாவம், அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். சரியான கோப்பு ரிலீசஸ் பக்கத்தில் ‘அசெட்ஸ்’ பகுதியில் இருக்கும். அங்கேயும் மூலநிரல் ஜிப்பை கிட்ஹப் தானாகவே சேர்த்து வைத்திருக்கும்.

அதனால் உங்கள் திட்டப் பக்கத்தில் தெரியும் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் தொடக்கத்திலேயே ‘விண்டோஸுக்கு இங்கே இறக்குங்கள்’ என்று நேரடி இணைப்பு கொடுத்துவிடுங்கள். கோப்பின் பெயரில் பதிப்பு எண் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே பெயரில் ஏற்றினால், ‘ரிலீசஸ்/லேட்டஸ்ட்/டவுன்லோட்/’ என்பதற்குப் பின் அந்தப் பெயர் வரும் முகவரி எப்போதும் புதிய பதிப்பையே தரும். சோதனைப் பதிப்புகளை ‘ப்ரீ-ரிலீஸ்’ என்று குறித்துவிட்டால் அவை இதில் வராது.

அப்புறம், கோப்பின் பெயரில் ‘ஆர்ம்64’ என்று ப்ராசசர் வகையை மட்டும் போடாமல் ‘மேக்’, ‘விண்டோஸ்’ என்றும் சேர்த்துவிடுங்கள்.