லேப்டாப்பில் மட்டும் வைஃபை அடிக்கடி துண்டிக்கிறது, மொபைலில் நன்றாக வருகிறது. ரூட்டரை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். அதே வைஃபையில் மொபைல் நன்றாக ஓடுகிறது என்றால், கோளாறு லேப்டாப்பிலோ அது இருக்கும் இடத்திலோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதலில் எது அறுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) மற்றதில் 8.8.8.8-க்கும் (இணையத்தில் இருக்கும் கூகுளின் சர்வர்) நிற்காமல் பிங் ஓடவிடுங்கள்; பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது, ping -t என்று அடித்து முகவரியைப் போட்டால் போதும். இரண்டும் சேர்ந்து நின்றால் வைஃபைதான். ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க 8.8.8.8 மட்டும் நின்றால், இணைப்பு தருபவரிடம் பேசுங்கள். லேப்டாப்பை நோண்டிப் பயனில்லை.

வைஃபைதான் என்றால், அறுந்த நேரத்தையும் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். எனக்கு விடை கிடைத்தது இப்படித்தான். வைஃபையை இயக்கும் மென்பொருளான ட்ரைவரை அழித்து மறுபடி போட்டேன், ரூட்டரை ரீசெட் செய்தேன், எதுவும் உதவவில்லை. குறித்து வைத்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு முறையும் வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் செருகியிருந்த யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல், வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. சிக்னல் பட்டையோ முழுசாகவே தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. டிஸ்கை ஒரு முழம் தள்ளி வைத்து, லேப்டாப்பை வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அதற்கப்புறம் ஒருமுறைகூட அறுந்ததில்லை.

உங்களிடம் அப்படி டிஸ்க் எதுவும் இல்லையென்றால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க அடாப்டரை அணைக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் துண்டிக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். 2.4-லேயே இருந்தாக வேண்டுமென்றால் ரூட்டரில் சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் தடம்) 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்ததை வையுங்கள். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

5 கிகாஹெர்ட்ஸிலும் அறுந்து, ஒரு நிமிடம் போல வைஃபை பெயரே காணாமல் போய்த் திரும்பினால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை ரேடாரோடு பகிரும் சேனல்கள். ரேடார் போன்ற சிக்னல் ஏதாவது காதில் விழுந்தால் ரூட்டர் உடனே விலகியாக வேண்டும். 36 முதல் 48-க்குள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.